ஏழு என்றால் மணி

தமிழர்கள் கப்பலேறிப் போய்க் குடியேறிய, பிரெஞ்சு பேசும் தீவில், மாயெபூர் என்ற ஊருக்கு வெளியே கம்பளிச் சட்டை பின்னும் அந்தத் தொழிற்சாலையில், 1988இல், கம்ப்யூட்டருக்கென்று தனியறையும் ஏ.சி.யும் கொடுத்திருந்தார்கள். பின்னுகிற அறுநூறு பேருக்கு நான்கு மின்விசிறிகள். கம்ப்யூட்டரை ஓட்டிய வீரசாமிக்கு இதில் வெட்கம் இருந்தது, வியர்வை இல்லை.

வெள்ளிதோறும் அடுத்த வாரத்து ஆள்பட்டியலை அடித்து வாசலில் ஒட்டுவது அவன் வேலை. திங்களன்று காவலாளி முனிசாமி ஒவ்வோர் அடையாள அட்டையையும் பட்டியலோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தே உள்ளே விடுவார். போன வருடம் ஒரே அட்டையில் மூன்று சகோதரிகள் மாறி மாறி வேலைக்கு வந்ததிலிருந்து முகங்களை அவர் நம்புவதில்லை.

காகிதத்தைக் கெடுத்தது புதுப் பிரிண்டர். கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாக அனுப்பும். ç என்ற வால் முளைத்த பிரெஞ்சு எழுத்தின் எண் 135. பிரிண்டரோ 127க்கு மேல் எண்ணத் தெரியாதபடி அமைக்கப்பட்டு வந்திருந்தது. பெரிய எண் வந்தால் 128ஐக் கழித்துவிடும். மிச்சம் ஏழு. ஏழு அதற்கு எழுத்தே இல்லை, 'மணியடி' என்ற உத்தரவு. தொப்பி போட்ட î பன்னிரண்டாகச் சுருங்கும்: 'பக்கத்தைத் தள்ளு'. ஆகவே Françoise (ஃப்ரான்சுவாஸ்) என்று அனுப்பினால் நடுவில் கீங்கென்று கத்தும். Benoît (பெனுவா) என்றால் பாதி ஆளை ஒரு பக்கத்தில் விட்டு, மீதியை அடுத்த பக்கத்துக்கு அனுப்பிவிடும்.

மேலாளர் எட்மோன் தீர்வு கண்டார்: பிரிண்டரை விட்டுவிட்டுப் பெயரைத் திருத்துவது. வாலும் தொப்பியும் வேண்டாமென்று சம்மதிக்க ஒரு படிவம். கையெழுத்துப் போட்டவரை முனிசாமி விடலாம். போடாதவர் பெயர் திங்கள் பட்டியலில் இருக்காது, வேலையும்.

எல்லோரும் போட்டார்கள். பின்னல் பகுதி ஃப்ரான்சுவாஸ் மட்டும் படிவத்தின் மேல் நூல்கண்டை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

"போட்டுடு. ஒரு வால்தானே," என்றான் வீரசாமி.

"உன் பூட்டன் கப்பல்ல வந்து இறங்கினப்போ கிளார்க்கும் இப்படித்தான் சொல்லியிருப்பான். உன் அட்டையில என்ன பேரு இருக்கு?"

"விராஸ்ஸாமி."

"அது யாருடா?"

வீரசாமிக்கும் தெரியவில்லை.

"பிரிண்டருக்கு உள்ளே ரெண்டு சின்ன ஸ்விட்ச் இருக்கு. தள்ளினா சரியாயிடும். ஆனா சீல் வெச்சிருக்காங்க. திறந்தா என் வேலை போயிடும்."

"அதனால என் வேலை போகட்டும்ங்கிற. நான் போடமாட்டேன், கார்சோன். போய்ச் சொல்லு உன் மிஸ்யே எட்மோன்கிட்ட."

வெள்ளியன்று பாரிஸிலிருந்து சட்டை வாங்குகிறவர்கள் வந்தார்கள். எட்மோன் அவர்களை நேரே கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிவந்தார்.

"பட்டியலை அடி, பார்க்கட்டும்."

"இன்னும் பேரெல்லாம் திருத்தலை, மிஸ்யே."

"இருக்கிறதை அடிடா!"

வீரசாமி கீழ்ப்படிந்தான். காற்று வரட்டும் என்று ஏ.சி. அறையின் கதவையும் திறந்து வைத்தான்.

முதலில் நான்கு பெனுவாக்கள் வந்தார்கள். நான்கு காகிதங்கள் சீறி வெளியே பாய்ந்தன. பிறகு F வரிசை. கீங்!

"ப்ரெஸான்!" என்று பின்னல் பகுதியிலிருந்து ஒரு குரல். ஆஜர் என்று ஃப்ரான்சுவாஸ் சொல்கிறாள்.

தொழிற்சாலையில் ஒன்பது ஃப்ரான்சுவாஸ்கள். இரண்டாம் மணிக்கு இரண்டு குரல். ஐந்தாவதற்கு இயந்திரங்கள் நின்றன. ஒன்பதாவதற்கு, கையெழுத்துப் போட்டவர்களும் சேர்த்து, அறுநூறு தொண்டைகள்: "ப்ரெஸான்!"

பாரிஸ் அம்மையார் கேட்டார்: "இது ஏன் மணியடிக்கிறது?"

"ஆள் கூப்பிடுது, மதாம்," என்றான் வீரசாமி.

"நிறுத்து!" என்றார் எட்மோன்.

"நிறுத்தணும்னா திறக்கணும், மிஸ்யே. சீல் இருக்கு."

"திற! உடை! நான் சொல்றேன்!"

"மதாம், அவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?" என்றான் வீரசாமி. அவன் சட்டைப்பையில் தற்செயலாக ஒரு திருப்புளி இருந்தது.

மறுபடி அடித்த பட்டியலில் ஒன்பது வால்களும் சத்தமில்லாமல் முளைத்தன. அம்மையார் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட பிறகு இனி யாரிடமும் படிவம் நீட்ட எட்மோனுக்கு முகமில்லை. திங்கள் காலை முனிசாமி ஃப்ரான்சுவாஸின் அட்டையை வாங்கி எழுத்தெழுத்தாக நகர்ந்து, ஐந்தாவதில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

"வால் இருக்கு. போ."

பிரிண்டர் அதற்குப் பிறகு மணியடிக்கவில்லை. ஆனாலும் வெள்ளிதோறும் F வரிசை வரும்போது பின்னல் பகுதியிலிருந்து "ப்ரெஸான்!" கிளம்பும். எப்படித் தெரிகிறது என்று எட்மோன் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் அறையில் தேநீர்க் கோப்பையும் கரண்டியும் இருக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.