அழுக்குக் கலர் கீபோர்டு

லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். மனிதன் குடிக்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான், சட்டை கிரீஸாகிவிட்டால் தானே துவைத்துக்கொள்வான். ஆனால் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டு என்றால் உயிரையே விடுவான். துணி வைக்க வேண்டிய அலமாரியில் பாதி இடம் கீபோர்டுகளுக்கு. விடுமுறை நாளில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தட்டிவிட்டு, "கேளேன், மழை பெய்யற மாதிரி இல்ல?" என்பான்.

"ஆமாங்க, நல்ல மழை. கொடியில இருக்கற துணிய எடுத்துடட்டுமா?" என்பாள் அவள்.

அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. அடுத்ததை எடுத்துக்கொண்டு வருவான்.

அவள் வேலை பார்த்தது ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து டோக்கன் கொடுக்கும் வேலை. ஒருநாள் முன்னறைக் கூரையில் தண்ணீர்க் குழாய் உடைந்து ஒழுகியதில், அவளுடைய மேசையைத் தூக்கி உள்ளே ரிப்போர்ட் அடிக்கும் அறையில் போட்டார்கள். அங்கே ராஜ்ஜியம் செய்தது ரிப்போர்ட் அக்கா. சர்க்கரை, உப்பு, கொழுப்பு என்று ஊராருடைய ரத்தக் கணக்கெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் வெளியே போகும். கண் சீட்டில் இருக்கும். கை தன்பாட்டுக்கு ஓடும்.

கூடவே அந்தச் சத்தம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு 'டக்', அதன் வாலில் மெல்லிய 'டிங்'. இத்தனை வருஷமும் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததால் காதில் விழவில்லை. இப்போது டோக்கன் எழுதிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. வீட்டில் கணவன் தட்டுவதை வேண்டாவெறுப்பாகக் கேட்டுக்கேட்டு எதுவோ மண்டையில் ஏறியிருந்தது போல. இது சாதாரணச் சத்தம் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

அக்கா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கணவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, இங்க ஒரு கீபோர்டு இருக்கு. டக்குனு அடிச்சா டிங்குங்குது."

"அடிச்சுக் காட்டு." அவன் எங்கோ லிஃப்ட் குழிக்குள் இருந்தான், குரல் கிணற்றிலிருந்து வருவது போல எதிரொலித்தது.

போனைப் பக்கத்தில் வைத்து நாலு எழுத்தைத் தட்டினாள். அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன கலரு?"

"அழுக்குக் கலர்."

"அழுக்க விடு, அடியில என்ன கலர்? வெளிர் மஞ்சளா இருக்கும் பாரு. துடைச்சுப் பாரு."

ஊசி குத்துமுன் கையில் தடவும் பஞ்சை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரு மூலையை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. கீபோர்டு அப்படியேதான் இருந்தது.

"போகலைங்க. சாம்பல் கலர்தான். நல்ல கருஞ்சாம்பல்."

"ஏம்மா," என்றான் அவன். ரகசியம் கேட்பது போலக் குரல் இறங்கிவிட்டிருந்தது. "ஒரே ஒரு பொத்தானக் கழட்டிப் பாக்கறியா?"

"ஐயோ, அக்கா என்னைக் கொன்னுடுவாங்க!"

"ஒண்ணே ஒண்ணு. மெதுவா நெம்பு. கையோட வரும்."

அவள் கொண்டை ஊசியை உருவி, ஓர் ஓரத்துப் பொத்தானின் அடியில் கொடுத்து நெம்பினாள். தொப்பி மாதிரி மேல்பகுதி மட்டும் கழன்று வந்தது. அதன் அடியிலிருந்த தண்டையும் இழுத்ததும், குட்டி ஸ்பிரிங் ஒன்று விறைப்பாக நின்று ஆடியது. பார்த்ததைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொப்பி கையிலிருந்து நழுவி, அலமாரிக்குக் கீழே உருண்டு ஓடியது.

"என்ன நடக்குது இங்க?" வாசலில் அக்கா.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாயிற்று. தரையில் மண்டியிட்டுத் தொப்பியைத் துழாவி எடுத்தபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கணவன், அலமாரி, மழைச் சத்தம், ஒன்றுவிடாமல். முறைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அக்கா, கடைசியில் சிரிப்பை அடக்கமாட்டாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"இதுக்கா இந்தப் பாடு? இது பெயிண்ட் ஃபாக்டரிச் சரக்குடி. அத மூடறப்ப நம்ம டாக்டரம்மா லேபுக்குன்னு இந்த அலமாரி, மேசையெல்லாம் அள்ளிட்டு வந்தாங்க. கூட ஒட்டிக்கிட்டு வந்தது இது."

போன் இன்னும் மேசைமேல் திறந்தே கிடந்தது. அதற்குள்ளிருந்து, "ஃபாக்டரியா!" என்று ஓர் அலறல் கேட்டது.

அன்று மாலையே வந்துவிட்டான். காலுறையில் கிரீஸ், தலையில் ஒட்டடை. கீபோர்டைத் திருப்பிப் போட்டு, பின்னால் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டை டார்ச் அடித்துப் படித்தான். படித்ததையே திரும்பப் படித்தான். பிறகு, கோவிலில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி விளக்கினான். ஆபீசுக்குச் செய்ததெல்லாம் வெளிர் நிறம். அது வண்டி வண்டியாகக் கிடைக்கும். தூசும் எண்ணெயுமாக இருக்கும் ஆலைகளுக்கென்று, அழுக்கு தெரியாமலிருக்கச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம்தான் செய்தார்கள். உடம்பு, பொத்தான், சீட்டு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்ததை அவன் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

அவள் கீபோர்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்றுகூட அதில் இவ்வளவு வெளிச்சம் இல்லை.

அக்காவும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். "எடுத்துக்கிட்டுப் போ தம்பி. உன்னப் பாத்தா பாவமா இருக்கு. எனக்கென்ன, புதுசு ஒண்ணு ஸ்டோர்ல பெட்டி பிரிக்காம கிடக்கு," என்றாள். டாக்டரம்மாவும், "அந்தச் சனியன் தொலைஞ்சா சரி," என்று தலையாட்டிவிட்டார்.

பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் ரிப்போர்ட் அறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். புதுக் கீபோர்டு வாயைத் திறக்கவில்லை. அக்கா ஓர் எழுத்தை அடித்துவிட்டுத் திரையைப் பார்ப்பாள், சீட்டைப் பார்ப்பாள், மறுபடி திரை. மதியத்துக்குள் மீசைக்காரப் பெரியவர் ஒருவரைப் பெண் என்று அடித்துவிட, அவர் சீட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"சத்தம் வந்தாத்தான் அடிச்ச மாதிரி இருக்கு," என்று அக்கா விரல்களை நீவிக்கொண்டாள். "இது குழைஞ்ச சோத்துல கைய வெக்கற மாதிரி இருக்கு. பழகிடும், விடு."

அக்கா குறை என்றும் சொல்லவில்லை, கொடு என்றும் கேட்கவில்லை. அதுதான் அவளைக் குடைந்தது. இந்த வம்பை இழுத்துவிட்டதே அவள்தானே! அக்காவுக்காகக் கேட்டால் அவன் முகம் வாடும்; அவனுக்காக வாயை மூடிக்கொண்டால் அக்காவின் விரலைப் பார்க்க முடியாது. பஸ்ஸில் வரும்போது பேச வேண்டியதை நாலுவிதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள்.

அவன் தரையில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தான். பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்த பொத்தான்கள் துணிமேல் காய்ந்துகொண்டிருந்தன. பாதியை மாட்டி முடித்திருந்தான்.

"அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்." பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "சத்தம் அமிர்தம். ஆனா எத அடிக்கறது? கதவு மூடல, மோட்டார் சுடுதுன்னு எப்பவாச்சும் ஒரு வரி எழுதறவன் நான். என் பேர அடிச்சேன், உன் பேர அடிச்சேன். அதோட சரக்கு தீந்துபோச்சு." ஒரு பொத்தானை எடுத்துத் துணியில் துடைத்தான். "அக்கா எப்படி அடிக்கறாங்க?"

ஒத்திகை பார்த்த நாலையும் ஓரமாகத் தள்ளினாள். "தடவிக்கிட்டிருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு," என்றான். பாதி மாட்டிய கீபோர்டை மடிக்கு இழுத்து, "அந்தப் பொத்தானெல்லாம் எடுத்துக் குடு," என்று கையை நீட்டினான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். மாட்டும்போது ஒவ்வொன்றும் ஒரு 'டிங்' சொன்னது. முதல்முறையாக அது அவளுக்கும் பிடித்திருந்தது. மழை மாதிரியெல்லாம் இல்லை. அதை அவனிடம் சொல்லவும் இல்லை.

காலையில் இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அக்கா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புதுக் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

"ஒரே ஒரு ஆசைக்கா," என்றான் அவன், போனைப் பக்கத்தில் வைத்து. "நீங்க அடிக்கற சத்தத்தப் பதிஞ்சுக்கறேன். எது வேணும்னாலும் அடிங்க."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள். அறை முழுக்கச் சத்தம் நிரம்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அக்கா அதில் முத்திரை குத்தி அவன் கையில் கொடுத்தாள். லேபின் வழக்கமான ரிப்போர்ட்தான், அவன் பெயரில். ரத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சரி. கடைசி வரியில், 'கிறுக்கு: அளவுக்கு மேல். மருந்து தேவையில்லை' என்றிருந்தது.

அவன் அதைப் படித்துவிட்டு, தலை நிமிராமல் மனைவியிடம் நீட்டினான். அவள் சிரித்த சிரிப்பில், வெளியே டோக்கனுக்குக் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.