எண்பத்தெட்டு டிகிரி

...விடப்போவதில்லை, மேலாளர் எவ்வளவு குழைந்து சொன்னாலும் சரி, மூணு மாதிரி ஒத்துப்போகுதுல்ல மேடம், அந்த நாலாவதைக் கணக்குல சேர்க்காதீங்க, நாலு மணிக்கு ரிப்போர்ட் போயாகணும், இவ்வளவையும் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு நழுவிவிட்டார், ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைக்க அவருக்குப் பயம், கடுகளவு பொடிக்கே ஒதுங்குகிற மனுஷன் கிடங்கில் டன் கணக்கில் அடுக்கச் சொல்வார்... அவள் நான்காவது புட்டியை மறுபடி திறந்தாள். எஃகுக் கிண்ணியில் துளி வெள்ளைப் பொடி, எடை சரிதானா, சரிதான், மூடி, அழுத்தி, உலைக்குள் வைத்தாயிற்று. நிமிடத்துக்கு இரண்டு டிகிரி, இனி அரைமணிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

திரையில் கோடு சாதுவாக ஓடியது. அந்தப் பொடி பெராக்சைடு, அதன் குணமே அதுதான், சூட்டை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் கிடக்கும், ஒரு கட்டத்தில் தானே சூட்டைக் கக்க ஆரம்பிக்கும், அப்புறம் யார் சொன்னாலும் நிற்காது, அந்தக் கட்டத்தைப் பிடிப்பதுதான் அவள் வேலை, மெல்லச் சூடாக்கி ஒருமுறை, வேகமாக ஒருமுறை, அதை வைத்து எந்தச் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கு. காலையில் மூன்று மாதிரிகள் நூற்று மூன்றில் பொங்கின. நான்காவது எண்பத்தெட்டில். அப்போது கை தவறியதோ? எடை தப்பியதோ? தப்பு இல்லையென்றால் முப்பது டிகிரிக் கிடங்கு ஆகாது, குளிரறை வேண்டும், கிடங்குப் பொறுப்பு கொழுந்தனுடையது, இவள் சொல்லித்தான் வேலை கிடைத்தது, உன் தயவுலதாம்மா அவன் ஒரு நிலைக்கு வந்தான் என்று மாமியார் போன வாரம்கூடக் கையைப் பிடித்துக்கொண்டாள், அவன்மேல் பழி விழுந்தால் எந்த முகத்தோடு அந்த வீட்டில் போய் உட்கார்வது... முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அந்தப் பீப்பாய்களுக்கு நடுவில் நாளெல்லாம் நிற்பவனும் அவன்தானே. எண்பது. எண்பத்தைந்து. எண்பத்தெட்டில் கோடு எகிறியது.

கொழுந்தனைப் போனில் அழைத்தாள். “நாலாவது எந்தப் பீப்பாய்ல எடுத்தீங்க தம்பி?”

“மூடி துருப்பிடிச்சிருந்ததுல, அண்ணி. துரு உதிர்ந்து உள்ள விழுந்திருந்துச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன், மேலாக வழிச்சு எடுத்துட்டு வேற மூடி போடுன்னுட்டாரு.”

துரு! ஒரு சிட்டிகை போதுமே, பெராக்சைடைக் கிளப்பிவிட. “அப்படி எத்தனை பீப்பாய்?”

“பதினொண்ணு.”

“நான் மூணு மாதிரிதானே கேட்டேன்?”

அவன் பின்னால் பாரவண்டி ஒன்று பின்வாங்கும் சத்தம். “ஆமா அண்ணி, மூணுதான் கேட்டீங்க. வண்டி வந்துடுச்சு, வைக்கிறேன்.”

எண்பத்தெட்டு என்றே எழுதினாள், பதினொன்றும் இன்றே தனியாகக் குளிரறைக்குப் போக வேண்டும் என்று கீழே கோடிட்டாள், மேலாளருக்கு ஒன்று, பாதுகாப்பு அதிகாரிக்கு ஒன்று, அனுப்பியும் விட்டாள், மணி மூன்றே முக்கால், வரட்டும், கத்தட்டும், வாசலில் நின்றுதானே கத்துவார்... ஆனால் இவன், கேட்காத நாலாவது புட்டியைக் கவனக்குறைவாக வைத்தானா, வேண்டுமென்றே வைத்தானா? வேண்டுமென்றேதான் என்றால் அவ்வளவு நம்பிக்கை அண்ணிமேல் எப்படி வந்தது அவனுக்கு, காலையில் எண்பத்தெட்டு என்று வந்த அந்தத் தாளைக் கசக்கிப் போட அவள் கை போனது அவளுக்குத்தானே தெரியும்...