ஊதா நிறத்தில் ஒரு புதினா

காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கியே பத்தூலுக்குக் கால் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதினா பச்சையாகியிருக்கும் என்று ஒரு நப்பாசை. அது என்னவோ பிடிவாதமாக ஊதாவாகவே நின்றது. தண்டு கத்தரிக்காய்த் தோல் மாதிரி. இலையின் அடிப்பக்கமும் அதே நிறம்.

வேறு செடியென்றால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது நாத்தனார் ரஹ்மா கொடுத்தது. பத்தூலின் கல்யாணத்தன்று மருதாணித் தட்டைத் தூக்க ரஹ்மாவைக் கூப்பிட மறந்துபோனார்கள். அன்றிலிருந்து மெக்னெஸ் நகரின் ஒரே கோட்டை மதிலுக்குள் இருந்துகொண்டு இருவருக்கும் பேச்சில்லை. பெருநாளுக்குப் பத்தூல் இறங்கி வந்து ஒரு தட்டு பாதாம் பலகாரம் அனுப்பினாள். பதிலுக்கு ரஹ்மா தன் முற்றத்துப் புதினா வேரை எண்ணெய்த் தகரத்தில் நட்டு, அண்ணனும் பத்தூலின் கணவனுமான ஜிலாலியிடம் கொடுத்தனுப்பினாள். இன்று சாயங்காலம் அவளே வருகிறாள். இந்தப் புதினாவில் தேநீர் போடாவிட்டால் சமாதானம் அவ்வளவுதான்.

பத்தூல் தண்டை விரலிடுக்கில் உருட்டினாள். நாலு பட்டை, புதினாதான். இலையைக் கசக்கினாள். புதினா வாசனைதான். அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருந்தால் நோய், அதுவும் இல்லை. பிறகு ஏன் இந்த நிறம்?

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கென்ஸா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எட்டிப் பார்ப்பதுதான் வேலையே.

"ஐயையோ, அக்கா! யாரு குடுத்த செடி அது?"

"நாத்தனார்."

"அடி மண்ணைக் கிளறிப் பாத்தியா? நான் ஒண்ணும் சொல்லலம்மா. எதுக்கும் பாத்துக்கோ."

சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பத்தூலுக்குக் கல்யாணமாகி இன்னும் குழந்தையில்லை. போன மாதம் ஜிலாலியின் கடைக் கதவு வேறு பெயர்ந்து விழுந்தது. எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா?

தகரத்தைக் கவிழ்த்துத் தட்டினாள். தகடோ, முடிச்சோ, முடியோ இருக்கும் என்று மண்ணை விரலால் சலித்தாள். ஒன்றுமில்லை. வேர்தான் போக வழியில்லாமல் தகரத்தின் வடிவத்துக்கே சுருண்டு கிடந்தது. அதையும் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம்.

"அண்ணி? கதவு திறந்திருந்துச்சு, அதான் மேலயே..."

ரஹ்மா நின்றுவிட்டாள். சிதறிய மண்ணைப் பார்த்தாள். பத்தூலின் நகக்கண்களைப் பார்த்தாள்.

"என்ன தேடினீங்க?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "செய்வினை," என்றாள் பத்தூல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "செடி ஊதாவாயிடுச்சு ரஹ்மா. பயந்துட்டேன்."

ரஹ்மாவின் முகம் சிவந்தது. திரும்பிப் போகப்போகிறாள் என்று பத்தூலுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவளோ கைப்பையைத் திறந்து ஈரத்துணியில் சுற்றிய ஒரு கட்டுப் புதினாவை எடுத்தாள். அதன் தண்டும் ஊதாதான்.

"இந்தக் குளிருக்கு என் முற்றத்துலயே இப்படித்தான் நிக்குது. உங்க செடிக்கு வேர் விட இடமும் இல்ல. வெளியே நாலு நாள் பனி கொட்டினா, உள்ள இவ்வளவு நெருக்கினா, அது என்ன பண்ணும்? ஒரு வாரத்துல பெரிய தொட்டிக்கு மாத்துவீங்கன்னு நெனச்சேன்."

பத்தூல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

ரஹ்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மண்ணருகில் உட்கார்ந்தாள்.

"பெருநாளுக்குப் பலகாரம் அனுப்பினீங்கல்ல?"

"ஆமா."

"ஒண்ணொண்ணா உடைச்சு, உள்ள பாத்துட்டுத்தான் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன்."

பத்தூல் நிமிர்ந்து பார்த்தாள். பாதாமை இடித்து, தூக்கம் கெட்டு, ஓரம் ஓரமாக மடித்துச் செய்த பலகாரம்! கோபம் வந்தது, அது வாய்க்கு வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாயிருந்துச்சா?"

"தூளாத்தான் சாப்பிட்டோம். நல்லாயிருந்துச்சு," என்றாள் ரஹ்மா. "சும்மா உக்காந்திருக்காம அந்தப் பெரிய வாளிய எடுங்க அண்ணி, வேர் காயுது."