நாலு ஒயர் பிளக்

முன்கோபி என்று என்னை ஊரே சொல்லும். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்ட காலமும் உண்டு.

2005, தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் டிசைன் போடுகிற வேலை எனக்கு. வீடு நாரணாபுரத்தில். என் மனைவி வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைப்பவள். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்கலாம், அவளை அந்த மருந்து ரூமை விட்டு வெளியே கொண்டுவந்துவிடலாம். "இந்த சீசனோட நின்னுரு" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மதுரைக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்தேன். நானே மாட்டப்போகிறேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். உடம்பில் இருக்கிற கரண்டு பட்டால் மதர்போர்டு செத்துவிடும், இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதைப் பெரிய மேதை மாதிரி அவளுக்கு விளக்கினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "இதை எனக்குச் சொல்றீகளாக்கும். தெனமும் செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான உள்ள போறோம். மொதல்ல அந்த நைலான் சட்டையக் கழட்டுங்க."

அதோடு விடவில்லை. கம்பெனியில் பொறி கிளம்பாமல் இருக்கச் செய்வதைப் போலவே தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு சாக்கை நனைத்து என் காலடியில் விரித்தாள்.

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டேன். உள்ளே காற்றாடி சுற்றியது. திரை கருப்பாகவே இருந்தது. எத்தனை தடவை போட்டாலும் கருப்புதான். வாசலில் தெரு ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"தண்ணிய ஊத்தி போர்டைக் கெடுத்துட்டியேடி கிறுக்கி" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். "நீ அந்த மருந்து ரூமுக்குத்தான் லாயக்கு. சொன்னதைச் செஞ்சுட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கத் தெரியாதா உனக்கு?"

அவள் சாக்கைப் பிழிந்து கொடியில் போட்டாள். அப்புறம் பேசவில்லை. மறுநாள் காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, சொல்லாமலே வேலைக்குப் போய்விட்டாள்.

நான் லீவு போட்டுவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்தேன். போர்டின் ஓரத்தில் நாலு ஒயர் சேர்ந்த சின்ன பிளக் ஒன்று மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பிராசசருக்குக் கரண்டு போகிற பிளக். மறந்தவன் நான். அதை மாட்டியதும் திரையில் எழுத்து ஓடியது. தண்ணீர் எதையுமே கெடுத்திருக்கவில்லை. விண்டோஸ் போடும்போது யார் பெயர் என்று கேட்டது. அவள் பெயரைக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் அதைக் காட்டி, தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் ரெண்டு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு மேற்கே சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். கம்ப்யூட்டரை அணைக்காமல் ஓடினேன்.

அவளை அடக்கம் பண்ணிய மூன்றாம் நாள், கூட வேலை பார்த்த பேச்சியம்மாள் கையில் கட்டோடு வந்தாள்.

"தெனமும் வள்ளிதான் தரைய நனைப்பா. லோடு அவசரம், தண்ணி வேணாம்னு போர்மேன் சொன்னாலும் விடமாட்டா, சண்டை போட்டாவது ஊத்திருவா. அன்னைக்கும் வேணாம்னாரு. வாளியக் கீள வச்சிட்டு, ஒரு வார்த்தை பேசாம உக்காந்துட்டாண்ணே. அவளுக்கு என்னாச்சுன்னே தெரியல."

எனக்குத் தெரியும்.

போர்மேனை ஊரே திட்டியது. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அந்த நாலு ஒயர் பிளக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. வள்ளி தண்ணீர் ஊற்றியதால்தான் அன்றைக்குக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று எங்கள் தெருவில் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.