சௌல்தாரியில் விழுந்த கால்

சௌல்தாரியில் குழந்தைவேலுவின் வலது கால் வெட்டுப்பட்டு விழுந்த இடத்திலிருந்து தண்ணீர் ஓடுகிறது. 1959 மாசியில் ஓடத் தொடங்கியது, கோடையிலும் வற்றுவதில்லை.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து, சர்க்கார் கொடுத்த காட்டை வெட்டி வயலாக்கியவர். அடுத்த வயல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த நிதாய் மண்டலுடையது. நடுவே ஓர் ஓடை. தன் ஊர் வழக்கப்படி குழந்தைவேலு அதைக் கால் என்றார். நிதாயும் தன் வங்காளத்தில் ஓடையைக் கால் என்றே சொன்னான், முதல் எழுத்தில் கொஞ்சம் மூச்சைச் சேர்த்து. சொல்லைத் திருடியவன் தண்ணீரையும் திருடுவான் என்று குழந்தைவேலுவுக்குப் பட்டது, நிதாய்க்கும் அப்படியே. இருவரும் பள்ளிக்கூட வாத்தியார் சிவஞானத்திடம் போனார்கள். "ரெண்டும் வேற வேற குடும்பத்துப் பாஷை. யாரு யாருகிட்டேருந்து எடுத்தாங்கன்னு படிச்சவங்களுக்கே தீரலை. ஒட்டு உறவே இல்லாமலும் இருக்கலாம்" என்றார் அவர். அந்த வாரமே வேலிகள் எரிந்தன. நிதாயின் எருது கழுத்தறுபட்டுக் கிடந்தது. குழந்தைவேலுவின் நாய் கிணற்றில் மிதந்தது.

மாசியில் ஓடை நூலாக இளைத்தது. குழந்தைவேலு மண் போட்டு அடைத்தார், நிதாய் உடைத்தான். இவர் மண்வெட்டிக் காம்பால் அவன் பற்களை உதிர்த்தார். பிறகு உடைப்பின்மேல் வலது பாதத்தை ஊன்றி, "இது என் காலுடா" என்றார். நிதாய் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "யே கால் மேரா ஹை" என்று அதையே இந்தியில் திருப்பிச் சொல்லிக் கத்தியை வீசினான். முழங்காலுக்குக் கீழே ஒரே வெட்டு. குழந்தைவேலுவின் மனைவி அலமு ஓடிவந்து அரிவாளால் நிதாயின் வலக்கை விரல்கள் மூன்றை எடுத்தாள்.

சேற்றில் கிடந்த காலை யாராலும் தூக்க முடியவில்லை. அது வேர் பிடித்திருந்தது. அன்று முழுக்க அதிலிருந்து ரத்தம் ஓடியது. மறுநாள் தெளிந்த தண்ணீர் வந்தது, ஐந்து விரல் வழியே ஐந்து கிளையாகப் பிரிந்து இரண்டு வயலுக்கும் பாய்ந்தது. தாசில்தார் வந்து பார்த்து, பாசனத்துக்கு உகந்தது என்று எழுதிக்கொண்டு போனார். எருமைகள் அதில் இறங்கினால், வீட்டில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைவேலுவுக்கு இல்லாத கால் நடுங்கும்.

நிதாய் ஜெயிலிலிருந்து திரும்பிய வருஷம் மழை பிந்தியது. அவன் இல்லாத நாளில் அவன் பக்கத்துக் கிளைகளை மண் மூடியிருந்தது, நாற்று வாடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு வந்து வரப்பில் நின்றான். அலமு மடியில் அரிவாளை வைத்துக்கொண்டாள்.

"தாதா, காலைத் திறக்கட்டுமா?" அண்ணனை அவன் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குழந்தைவேலு அவனுடைய கையை, விரல் இல்லாத இடத்தை, வெகுநேரம் பார்த்தார்.

"சுண்டுவிரல் பக்கம் திற. வெட்டாதே, வலிக்கும்."

நிதாய் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மிச்சமிருந்த விரல்களால் மண்ணை விலக்கினான்.