சினை அயிரை

மத்தியானம் காலேஜ் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அயிரைக் குழம்பு வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே என் நாத்தனார் வீட்டுக்காரர் ஆல்வின் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காதுகுத்தில் முறைத்துக்கொண்டு போன மனுசன், ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் எங்கள் வாசப்படியை மிதித்திருக்கிறார். என் புருசன் ஜெரோம் லீவு போட்டுவிட்டுச் சமைத்து, பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. காயிற வெயில்ல இம்புட்டு அயிரை எங்க புடிச்சான் உன் வீட்டுக்காரன்?"

"தாடிக்கொம்புல தெரிஞ்சவர் குடுத்தாரு மச்சான்" என்றார் ஜெரோம், என்னைப் பார்க்காமல்.

நல்ல பசி. கையைக் கழுவிவிட்டு நானும் உட்கார்ந்தேன். நாலு வாய் ருசித்தே தின்றேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். அப்புறம்தான் நாக்கில் பொடிப்பொடியாக நெருடியது. மண்ணாக இருக்காது, பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் அயிரையைச் சட்டியில் போடமாட்டார்கள். விரலில் எடுத்துப் பார்த்தேன். முட்டை.

மழையே இல்லாத இந்த மாசத்தில் இங்கே எந்தக் குளத்து அயிரையும் சினை பிடிக்காது. சினையோடு இருந்தது ஒரே இடத்தில், என் வீட்டுக் கொல்லையில், நான் மணல் பரப்பி வைத்த சிமெண்டுத் தொட்டியில்.

அயிரைதான் என் ஆராய்ச்சி. அது மணலை வாய்நிறைய அள்ளி, தின்கிறதை வாயிலேயே வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே துப்பும். குடலைக் கிழித்துக் கிழித்து, அது தின்னும் பாசியும் புழுவும் என்னென்ன என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பாக்கி இனப்பெருக்கம்தான். போன ரெண்டு வருசமும் தொட்டியில் முட்டை போடவில்லை. இந்த வருசமும் போடாவிட்டால் மூட்டை கட்டிவிடு என்று கைடு சொல்லிவிட்டார். சாணித் தண்ணீரில் புழு வளர்த்து ஊட்டினேன். "எனக்கு இப்படி ஒருநாள் ஊட்டிருப்பியா?" என்று ஜெரோம் கேலி பண்ணுவார். ஆனாலும் என்னோடு முழங்கால் சேற்றில் நின்று வலை பிடித்தவர் அவர்தான். பெட்டை பெரிசு, ஆண் மெலிசு, ஆணுக்கு முன்துடுப்பு தடித்திருக்கும் என்று அவர் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்ததும் நான்தான். போன ஞாயிற்றுக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு, "செல்வி, வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கு, இந்த வாரம் போட்டுரும்" என்றார். நாளைக் காலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்து மழை மாதிரி காட்டி முட்டை போட வைக்க நினைத்திருந்தேன்.

எச்சில் கையோடு கொல்லைக்குப் போனேன். ஜெரோம் பின்னாலேயே வந்தார்.

"சத்தம் போடாத செல்வி. மார்க்கெட் பூரா அலைஞ்சுட்டேன், கெடைக்கல. மச்சான் வாய்விட்டுக் கேட்டுட்டாரு."

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

தெரியாமல் செய்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். தொட்டிக்குள் பார்த்தேன். மெலிந்த அயிரைகள் மணலை முகர்ந்து முகர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் ஆண்.

"எல்லாத்தையும் எடுக்கல செல்வி. சினைதான் ருசின்னு சினையாப் பாத்துத்தான் எடுத்தேன். மழை பேஞ்சா மறுபடி புடிச்சுக்கலாம்."

நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை வைத்தே பொறுக்கியிருக்கிறார். ஒரு பெட்டைகூடத் தப்பவில்லை. பாவி, இந்தக் கண்ணுக்கா நான் எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தேன்?

"தங்கச்சி, இன்னுங் கொஞ்சம் மீனு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கையைக் கழுவிவிட்டுப் போய் அண்ணனுக்கு வைத்தேன். ஜெரோம் நிலைப்படியிலேயே நின்றார்.

"நீங்களும் உக்காருங்க" என்றேன்.

"எனக்கு அப்புறம் செல்வி."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். சோற்றைப் போட்டேன். சட்டியைச் சாய்த்து, அடியில் வயிறு புடைத்துக் கிடந்ததாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் தட்டில் வைத்தேன். "புருசனக் கவனிக்கிற கவனிப்பப் பாருய்யா" என்று ஆல்வின் அண்ணன் சிரித்தார். ஜெரோம் தலையைக் குனிந்து பிசைந்தார். முட்டை சிதறி விரலெல்லாம் ஒட்டியது. ஒரு வாய் எடுத்து வைத்து, மெல்லாமல் அப்படியே வைத்திருந்தார். நான் கரண்டியோடு பக்கத்திலேயே நின்றேன்.