முழங்கையால் மூடும் குழாய்

சாப்பாட்டு மணி அடித்ததும் குருவம்மாள் தூக்குவாளியைக்கூடத் திறக்காமல் குழாயடிக்கு ஓடினாள். குரங்குகள் இன்னும் அங்கேதான் இருந்தன. அவற்றைப் பிடித்துப்போய் மலையில் விடுகிற வண்டி சாயங்காலம் வருமாம்.

குரங்குக்காகவா ஒருத்தி இப்படிச் சோற்றை விட்டு ஓடுவாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்காமல் என்ன! மாடத்தியைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

மாடத்தி, பட்டாசுக் கம்பெனியில் குருவம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தவள். ஒரே வேனில் வந்து ஒரே வாளியில் தின்ற சேத்தாளி. அவள் வாயைத் திறந்தால் ஷெட்டே சிரிக்கும். மருந்து படிந்த கையால் குழாயின் நீளப் பிடியைத் தூக்குவாள். கழுவி முடித்ததும் அந்தப் பிடியைத் தொடவே மாட்டாள், முழங்கையால் அழுத்தி மூடுவாள். "களுவுன கைய மறுபடி அளுக்குல வைக்க நா என்ன கிறுக்கியா?" என்பாள்.

குருவம்மாள் உட்பட எல்லோரும் கேலி செய்தார்களே தவிர ஒருத்தரும் அப்படிச் செய்யவில்லை. காதறுந்த பெண்குரங்கு ஒன்றுதான் பார்த்துப் பார்த்துப் பழகியது. கையால் திறந்து குடிக்கும், முழங்கையால் மூடும். அதைப் பார்த்து அதன் குட்டி, குட்டியைப் பார்த்துக் கூட்டமே. மாடத்தி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். காதறுந்ததும் போயிற்று. அந்த முழங்கை மட்டும் தினமும் மத்தியானம் குழாயடிக்கு வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இதுகள விட்டுருங்களேன்" என்று போர்மேன் காளிராஜிடம் கெஞ்சினாள்.

"நேத்து ஒண்ணு மருந்து ரூம் வாசல்ல உக்காந்திருந்துச்சு. உள்ள போயி எதையாச்சும் உரசுனா நம்ம கதி என்னம்மா? அம்புட்டுப் பேரு உசுருல்லா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"மலையில கொளா ஏது அண்ணாச்சி?"

"ஓடையே ஓடுது, போம்மா."

இந்த மனுசனுக்கு என்னவென்று விளக்குவது!

சாயங்காலம் கூண்டு வண்டி வந்தது, நிறைந்தது, போனது. குருவம்மாள் குழாயடியிலேயே நின்று அழுதாள். "இன்னைக்குத்தான்டி நீ முளுசாச் செத்துப்போன" என்று வாய்விட்டே சொன்னாள்.

பொங்கலுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த சினேகா வந்து கை கழுவினாள். மாடத்தியின் முகம்கூடத் தெரியாத பெண். கழுவி முடித்தவள் முழங்கையால் பிடியை அழுத்திவிட்டுத் துப்பட்டாவில் கையைத் துடைத்தாள்.

"ஏட்டி! யாருகிட்டப் பளகுன இத?"

சினேகாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சிரிக்காதீக சித்தி. அந்தக் கொரங்குகளப் பாத்துத்தான். கையில மருந்து ஒட்டாம மூடலாம்ல, நல்ல யோசனையாத் தெரிஞ்சுச்சு."

குருவம்மாள் சிரித்தாள். கண்ணீர் நிற்காமலே சிரித்தாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். "இருங்கய்யா, வாரோம்!" என்று கத்திவிட்டுக் கையைக் கழுவினாள். பழக்கதோஷத்தில் பிடியை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, முழங்கையை வைத்து அழுத்தினாள்.